சேவூர்ப் பக்கத்து வள்ளி கும்மி வகுப்பு: பிள்ளைகளை நம்பி அனுப்பலாம்

அவினாசியிலிருந்து சேவூர் தாண்டிப் போனால் ஒரு கிராமத்து மாரியம்மன் கோயில் திடலில் சாயங்காலம் வள்ளி கும்மி சொல்லித் தருகிறார்கள். வள்ளி, முருகன் கதையைப் பாடிக்கொண்டே வட்டமாக ஆடுகிற ஆட்டம் அது. ஏழு மணிக்குத் தொடங்கி ஒன்பது மணிக்கு முடியும். கட்டணம் கிடையாது. சலங்கையும், அரங்கேற்றத்துக்கு எல்லாரும் கட்டும் ஒரே நிறச் சேலையும் அவரவர் செலவு. நானும் ஏழாவது படிக்கும் என் மகளும் ஒன்றாகச் சேர்ந்து அரங்கேற்றம் வரைக்கும் ஆடி முடித்துவிட்டோம்.

ஆட்டத்தைப் பற்றி நான் பெரிதாகச் சொல்ல வேண்டியதில்லை. இந்தக் கும்மியைச் சொல்லித்தந்த கோவை மாவட்டத்து பத்திரப்பன் ஐயாவுக்கு 2024-ல் பத்மஸ்ரீ கொடுத்ததற்கு அப்புறம் வள்ளி ஒயில் கும்மி என்றால் என்ன என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. பிள்ளையை அனுப்பலாமா என்று யோசிக்கிற அம்மாக்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அங்கே யார் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை அவர்கள் சொல்கிற விதம் எனக்கு ரொம்பப் பிடித்தது.

முதல் நாள் ஆட்டமே கிடையாது. வாத்தியார் எல்லாரையும் தரையில் உட்காரச் சொன்னார். பிள்ளைகள் முன்னால், அவர்களைக் கூட்டி வந்தவர்கள் பின்னால். "பெத்தவங்க யாரும் எந்திரிச்சுப் போயிராதீங்க, இது உங்களுக்கும் சேர்த்துத்தானுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தார். வட்டத்துக்குள் செருப்பு வேண்டாம், போன் வேண்டாம். அடி தப்பினவரைப் பார்த்து யாரும் சிரிக்கக் கூடாது. என்ன சாதி, எந்தக் கூட்டம் (குலம்) என்று ஒருத்தரை ஒருத்தர் கேட்கக் கூடாது. யாரையும் தொட்டுத் திருத்தக் கூடாது. அவரே முன்னால் நின்று ஆடிக் காட்டுவார், பார்த்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். பெண்பிள்ளைகளுக்குக் கை கால் நிலை சொல்லித்தர முன்பே அரங்கேறிய அக்கா இரண்டு பேர் இருக்கிறார்கள். நடுவில் கிளம்புகிறவர் அந்த அக்காக்களில் ஒருத்தரிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். முடிந்தபிறகு எந்தப் பிள்ளையும் தனியாக வீட்டுக்குப் போகக் கூடாது. அவ்வளவுதான். என் மகள் வீட்டுக்கு வந்து அவள் அப்பாவிடம் ஒன்று விடாமல் ஒப்பித்தாள்.

ஒவ்வொன்றுக்கும் காரணம் சொன்னார் என்பதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். வள்ளி தினைப்புனத்தில் ஆலோலம் பாடிக் கவண் எறிகிற இடத்தில் எல்லாரும் ஒரே நேரம் திரும்ப வேண்டும். வேகம் கூடிய பிறகு ஒருத்தர் மட்டும் எதிர்ப்பக்கம் திரும்பினால் பக்கத்தில் இருப்பவர்மேல் மோதுவார், அவர் அடுத்தவர்மேல். ஆறு வயதுப் பொடுசும் அறுபது வயது அமுச்சியும் அடுத்தடுத்து ஆடுகிற வட்டம் அது. "கையில போன் இருந்தா கண்ணு அதுல, கால் வேற பக்கம். கீழ விழறது நீங்க இல்லீங்க, பக்கத்துல ஆடற கொழந்தை" என்றார். இப்படிச் சொன்னால் எந்தப் பிள்ளைக்குப் புரியாது?

மீறினால் என்ன நடக்கும் என்பதையும் அன்றைக்கே சொல்லிவிட்டார். முதல் தடவை கிட்டே கூப்பிட்டு மெதுவாகச் சொல்வார். அதே தப்பு மறுபடி நடந்தால் ஒரு பாட்டு முடியும் வரைக்கும் வட்டத்துக்கு வெளியே உட்கார வேண்டும். அதற்கும் கேட்கவில்லை என்றால் வீட்டு ஆட்களை வைத்துப் பேசுவார். அடி, திட்டு, வெளியே நிற்க வைத்து அவமானப்படுத்துவது எதுவும் கிடையாது.

இது சொன்னபடி நடக்கிறதா என்று எனக்கும் சந்தேகம் இருந்தது. ஒருநாள் ஒன்பதாவது படிக்கிற பையன் ஒருத்தன், கால் தடுமாறின ஒரு வயசான அம்மாவைப் போலவே நொண்டிக் காட்டினான். அவனிடம் ஏற்கெனவே ஒருமுறை சொல்லியிருந்தார்கள். வாத்தியார் பாட்டை நிறுத்தினார். "வா கண்ணு, இங்க உக்காரு" என்று மைக் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டுப் பாட்டைத் தொடர்ந்தார். வேறு ஒரு வார்த்தை பேசவில்லை. பாட்டு முடிந்ததும் எழுப்பி, அதே அம்மாவுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். அந்த அம்மா அவனைப் பார்த்து, "எனக்குத் திரும்பற எடம்தான் மறந்து போகுது சாமி, நீ முன்னாடியே சொல்லு" என்றார். அன்று முழுக்க அவன் ஒவ்வொரு திருப்பத்துக்கும் "இப்ப, இப்ப" என்று சொல்லிக்கொண்டே ஆடினான்.

அடுத்த நாள் பையனுடைய அப்பா வந்தார். "ஏனுங்க வாத்தியாரே, அத்தனை பேர் முன்னாடி பையனை உக்கார வைக்கலாமுங்களா?" என்று குரலை உயர்த்தினார். "மொத நாள் நீங்களும் பின்னாடி உக்காந்திருந்தீங்கங்க. அன்னைக்குச் சொன்னதுக்கு மேல நான் ஒண்ணும் பண்ணலீங்க" என்று இவர் சொன்னதும் அவருக்கு மேலே பேச இடமில்லை. சரிங்க என்று போய்விட்டார். பெற்றவர்களையும் உட்கார வைத்துச் சொல்வதன் பலன் அதுதான்.

பெரியவர்களுக்கும் அதே அளவுகோல்தான். ஊரில் நாலு பேர் மதிக்கிற ஒருவர் வட்டத்துக்குள் வந்து வீடியோ எடுத்தார். முதல் தடவை சொல்லியாயிற்று. இரண்டாவது தடவை அவரையும் ஒரு பாட்டுக்கு உட்கார வைத்தார்கள். அதைப் பிள்ளைகள் எல்லாரும் பார்த்தார்கள். அதற்கப்புறம் அந்தத் திடலில் போனைப் பற்றி யாருக்கும் ஞாபகப்படுத்த வேண்டிய தேவை வரவில்லை.

நேரத்துக்கு வருவதில் மட்டும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறார்கள். அது நியாயம் என்பேன். பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் பார்க்கிறவர்கள் எட்டரைக்குத்தான் வெளியே வருவார்கள். அவர்கள் வந்ததும் கடைசி வரிசையில் சேர்ந்துகொள்ளலாம், கேள்வி கிடையாது. நானும் பனியன் கம்பெனியில்தான், தைத்த துணியில் குறை பார்க்கிற செக்கிங்கில் இருக்கிறேன். ஷிப்மெண்ட் நேரத்தில் இந்தச் சலுகை இல்லாவிட்டால் என்னால் தொடர்ந்திருக்க முடியாது.

இதை இவ்வளவு விரிவாக எழுதக் காரணம் இருக்கிறது. போன கோடையில் மகளைப் பணம் கட்டி ஒரு முகாமில் சேர்த்தோம். பெயர் வேண்டாம். சேரும்போது நாலு பக்கத்துக்கு ரூல்ஸ் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார்கள். 'ஒழுக்கம் தவறினால் தக்க நடவடிக்கை' என்று இருந்ததே தவிர, எது தவறு, என்ன நடவடிக்கை என்று ஒரு வரி இல்லை. தண்ணீர் பாட்டிலைக் கொட்டிவிட்டாள் என்று வெயிலில் நிற்க வைத்தார்கள். கேட்டதற்கு, கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே என்றார்கள்.

கையெழுத்து வாங்கிவிட்டால் எதையும் செய்யலாம் என்று இல்லை. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, பள்ளியில் பிள்ளையை அடிப்பதையும் மன உளைச்சல் கொடுப்பதையும் தடை செய்கிறது. நாங்கள் பள்ளிக்கூடம் இல்லையே என்று முகாம்காரர்கள் சொன்னால், 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 75-ஆம் பிரிவு இருக்கிறது. பிள்ளையைத் தன் பொறுப்பில் வைத்திருக்கிற யார் கொடுமைப்படுத்தினாலும் அது குற்றம் என்று சொல்கிறது. பணம் கட்டுகிற இடத்தில் இதைக் கேட்க நமக்கு வாய் வர வேண்டும்.

இனிக் குறைகள். கட்டுப்பாடுகளை வாயால் சொல்கிறார்களே தவிர எங்கேயும் எழுதி வைக்கவில்லை. நடுவில் சேர்ந்தவர்களுக்குப் பக்கத்தில் ஆடுகிறவர்தான் சொல்ல வேண்டியிருந்தது, அதில் பாதி விட்டுப்போனது. கோயில் சுவரில் ஒரு போர்டு மாட்டினால் போதும். வாத்தியாரிடம் சொன்னேன், செய்கிறோம் என்றிருக்கிறார்.

அடுத்தது அரங்கேற்றத்து வீடியோ. பழகும்போது போன் கூடாது என்பதில் அத்தனை கண்டிப்பு. அரங்கேற்ற நாளில் யார் வேண்டுமானாலும் எடுத்தார்கள். வயசுக்கு வந்த பெண்பிள்ளைகள் முகம் பெரிதாகத் தெரிகிற வீடியோக்கள் மறுநாளே யூடியூபில் வந்துவிட்டன. ஊர்க் கொண்டாட்டத்தில் படம் எடுக்காதே என்று யாரையும் தடுக்க முடியாதுதான். ஆனால் தனியாக ஒரு பிள்ளையை மட்டும் எடுத்துப் போடாதீர்கள், வீட்டில் கேட்டுவிட்டுப் போடுங்கள் என்று மைக்கில் ஒரு தடவை சொல்லலாம். அதுவும் முதல் நாள் பேச்சிலேயே சேர வேண்டும்.

மூன்றாவது, பிள்ளைக்கு ஏதாவது சங்கடம் என்றால் யாரிடம் சொல்வது என்பது. அந்த இரண்டு அக்காக்களும் தங்கமானவர்கள், என் மகள் எதையும் அவர்களிடம் சொல்வாள். இருந்தாலும் அவர்களிடம் சொல்லத் தயங்குகிற பிள்ளையும் இருக்கும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை முதல் நாளே பிள்ளைகளை மூன்று தடவை சொல்ல வைக்கலாம். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களைப் பாலியல் தொல்லையிலிருந்து காக்கிற 2012 போக்சோ சட்டம் கோயில் திடலுக்கும் பொருந்தும். இதைச் சொல்வதால் யார்மேலும் சந்தேகப்படுவதாக ஆகாது.

ஒன்பது அடித்தால் மைக்கை அணைத்துவிடுகிறார்கள், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் இருக்கிற வீடுகளுக்குத் தொந்தரவு இல்லை. திடலுக்கு வரும் வழியில் கடைசிக் கொஞ்ச தூரத்துக்கு விளக்கு இல்லை, டார்ச் எடுத்துப் போங்கள். கழிப்பறை கோயிலுக்குப் பின்னால் இருக்கிறது, சுத்தமாகவே வைத்திருக்கிறார்கள்.

ஐந்துக்கு நாலு நட்சத்திரம். போர்டு மாட்டி, வீடியோ விஷயத்தையும் சரிசெய்தால் அந்த ஒன்றையும் சேர்த்துப் போடுகிறேன். அடுத்த வகுப்பு ஆடி நோம்பி (ஆடிப் பண்டிகை) கழிந்து தொடங்குமாம். சேர்கிறவர்கள் முதல் நாளைத் தவற விடாதீர்கள், வீட்டிலிருந்து பெரியவர் ஒருத்தரும் கட்டாயம் கூடப் போங்கள்.