மீன் வறுவலோடு பாஸ்தா: ஒயிட் சாஸா, பூண்டும் எண்ணெயுமா?

ஞாயிறு மதியம் எங்கள் வீட்டில் மீன் வறுவலுக்குப் பக்கத்தில் ஒரு கரண்டி காய்கறி பாஸ்தா வைப்பது வழக்கமாகிவிட்டது. ஒரு வருடம் போல ஒயிட் சாஸில்தான் செய்தேன். இப்போது பூண்டும் ஆலிவ் எண்ணெயும்தான்.

ருசியில் ஒயிட் சாஸ் எந்த விதத்திலும் குறைந்ததில்லை. 2 மேசைக்கரண்டி வெண்ணெயில் அதே அளவு மைதாவைப் பச்சை வாசனை போக வறுத்து, அரை லிட்டர் பாலைக் கட்டி தட்டாமல் ஊற்றிக் கிளறி, மிளகும் துளி ஜாதிக்காயும் போட்டால் பிள்ளைகள் காயை ஒதுக்காமல் சாப்பிடுவார்கள். செலவிலும் நேரத்திலும் பெரிய வித்தியாசம் கிடையாது.

வித்தியாசமெல்லாம் காத்திருப்பதில்தான். இத்தாலியில் பாஸ்தா தனிப் பந்தி. மீனோ இறைச்சியோ அதற்குப் பிறகுதான் வரும். பாஸ்தா அடுப்பிலிருந்து இறக்கியதும் தட்டுக்குப் போய்விடும். நம் வீட்டில் அப்படியில்லை. மீன் ஈடு ஈடாகப் பொரிந்து வரும்வரை, எல்லோரும் கைகழுவி உட்காரும்வரை பாஸ்தா மூடிபோட்ட பாத்திரத்தில் கிடக்கும். ஒருமுறை சித்தப்பா வர முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. மூடியைத் திறந்து கரண்டி போட்டால் மொத்தமும் ஒரே கட்டியாக எழும்பி வந்தது. பால் ஊற்றிச் சூடாக்கிக் கிளறியதில் பாஸ்தா உடைந்தது, கேரட் மசிந்தது. ஆற ஆற மைதாவின் மாவுச்சத்து இறுகும். போதாததற்குப் பாஸ்தாவும் சாஸில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். சாஸைத் தளர்வாக வைத்துப் பார்த்தேன், கொஞ்சம் தாங்கியது, அவ்வளவுதான்.

பூண்டு எண்ணெயில் இந்தத் தொல்லை இல்லை. நான்கு பேருக்கு 200 கிராம் ஃபுசிலி (திருகு வடிவப் பாஸ்தா), 2 லிட்டர் தண்ணீர், 20 கிராம் உப்பு. பாக்கெட்டில் 11 நிமிடம் என்றிருந்தால் 9 நிமிடத்தில் வடித்துவிடுவேன். வடித்த தண்ணீரில் ஒரு டம்ளர் எடுத்து வைத்துக்கொள்வேன். அகலமான வாணலியில் 4 மேசைக்கரண்டி எண்ணெய், மெல்லியதாகச் சீவிய 8 பல் பூண்டு, சிறு தீ. பூண்டின் ஓரம் லேசாக நிறம் மாறும்போதே கிள்ளிய வரமிளகாய், பிறகு பீன்ஸ், கேரட், கடைசியில் குடைமிளகாய். காய் முக்கால் பதம் வந்ததும் பாஸ்தாவையும் அரை டம்ளர் வடிதண்ணீரையும் சேர்த்துத் தீயைக் கூட்டிக் குலுக்க வேண்டும். முதலில் எண்ணெய் தனியாக, தண்ணீர் தனியாகச் சடசடக்கும். ஒரு நிமிடத்தில் இரண்டும் கலந்து, கலங்கலான மெல்லிய பூச்சாகப் பாஸ்தாவின் முறுக்குகளுக்குள் இறங்கிவிடும். தண்ணீரில் கரைந்திருக்கும் மாவுச்சத்துதான் அதைச் சேர்த்துப் பிடிக்கிறது. உப்பு தனியாக வேண்டாம், அந்தத் தண்ணீரிலேயே இருக்கிறது. ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தாலும் உதிரியாக இருக்கும்; வறண்டு தெரிந்தால் இரண்டு கரண்டி வெந்நீர் தெளித்துப் புரட்டினால் போதும்.

ஆனால் பாஸ்தா துரம் என்ற கடினக் கோதுமை வகையின் ரவையில் செய்ததாக இருக்க வேண்டும். இத்தாலியில் உலர் பாஸ்தாவை அந்தக் கோதுமையில்தான் செய்ய வேண்டும் என்று 1967-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். மைதா கலந்தது சீக்கிரம் குழைந்துவிடும், வாங்கும்போது பாக்கெட்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். சிறுதானிய பாஸ்தாவை இரண்டே முறை செய்தேன், இரண்டு முறையும் குழைந்தது. அதை வைத்து அதற்குத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

எல்லோரும் உட்கார்ந்த பிறகு இறக்கிப் பரிமாற முடிகிற நாளில் இன்றும் ஒயிட் சாஸ் செய்கிறேன். மற்ற நாளெல்லாம் பூண்டுதான். அதில் எலுமிச்சையை மட்டும் பரிமாறும்போது பிழியுங்கள். முன்னாலேயே பிழிந்து வைத்தால் பீன்ஸின் பச்சை மங்கிவிடும்.