கீழக்கரையில் பி.இ.இ. கணக்கு வகுப்பு: வாத்தியார் அருமை, புத்தகம் பழசு

பெரியபட்டினத்திலிருந்து பஸ் பிடித்துப் பத்து வாரம், சனி ஞாயிறு சாயங்காலம் நாலு மணியிலிருந்து ஆறரை வரை, கீழக்கரையில் ஒரு மாடியில் நடக்கும் அக்கவுண்ட்ஸ் பயிற்சிக்குப் போய் வந்தேன். பி.காம். முடித்தவர்களை வீட்டிலிருந்தே தென்னாப்பிரிக்கக் கம்பெனிகளுக்குக் கணக்கு எழுத எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுத்தான் சேர்ந்தேன். அங்கே நேரம் நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால், அதனால் வீட்டு வேலையை முடித்துவிட்டு உட்கார வசதி. கட்டணம் 6,500 ரூபாய். சேரலாமா என்று மூன்று பேர் என்னைக் கேட்டுவிட்டார்கள், அதனால் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

வரி, பேரோல், எக்செல் எல்லாம் எங்கும் சொல்லித் தருவதுதான். பதினாலு பேருக்கு அஞ்சு கம்ப்யூட்டர், முறை வைத்துத்தான் உட்கார வேண்டும், லேப்டாப் இருந்தால் கொண்டுபோங்கள். இந்த வகுப்புக்குக் காசு கொடுக்கலாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் கடைசி மூன்று வாரம் நடந்த பி.இ.இ. பாடம், அதாவது தென்னாப்பிரிக்காவில் கறுப்பினத்தவரின் பொருளாதார மேம்பாட்டுக்காகக் கம்பெனிகளுக்கு வைத்திருக்கும் கொள்கை. டர்பனில் பல வருஷம் கணக்கு வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய ஒருவர் அதை நடத்துகிறார்.

முதல் நாளே அவர் 1860-ல் தொடங்கினார். அந்த வருஷம் நவம்பர் 16-ம் தேதி, சென்னையிலிருந்து கரும்புத் தோட்டக் கூலிகளை ஏற்றிக்கொண்டு ட்ரூரோ என்ற கப்பல் டர்பனில் போய் நின்றது. அதில் போனவர்களின் பேரப்பிள்ளைகளும் இந்தச் சட்டத்தில் 'கறுப்பர்' என்ற சொல்லுக்குள் வருகிறார்கள். ஆப்பிரிக்கர், கலப்பினத்தவர், இந்தியர் மூவரையும் அந்தச் சொல் குறிக்கிறது, ஆனால் தென்னாப்பிரிக்கக் குடிமக்களாக இருக்க வேண்டும், நிறவெறி ஆட்சியில் உரிமை மறுக்கப்பட்டவர்களாக இருக்க வேண்டும். இன்று இங்கிருந்து வேலைக்குப் போகிறவர் அந்தக் கணக்கில் வரமாட்டார். எனக்கு இது புதுச் செய்தி. பின்னால் உட்கார்ந்திருந்த ரெண்டு பையன்களுக்கு முகம் வாடிப்போனது.

சட்டம் 2003-ஆம் வருஷத்துச் சட்டம். கம்பெனிகளுக்கு மதிப்பெண் போடும் விதிகள் 2007-ல் வந்தன, 2013-ல் திருத்தி 2015 மே முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். பங்குரிமை, நிர்வாகம், திறன் பயிற்சி, சின்ன கம்பெனிகளையும் சப்ளையர்களையும் வளர்ப்பது, சமூகச் செலவு என்று அஞ்சு தலைப்பு. கூட்டிப் பார்த்து லெவல் 1 முதல் 8 வரை கொடுப்பார்கள். லெவல் 1 கம்பெனியிடம் நூறு ரேண்டுக்கு (அது அந்த ஊர்ப் பணம்) சரக்கு வாங்கினால், வாங்குகிறவர் தன் பி.இ.இ. மதிப்பெண் கணக்கில் 135-க்கு வாங்கியதாகக் காட்டலாம். லெவல் 8 என்றால் வெறும் 10. அதனால்தான் உன் லெவல் என்ன என்று பெரிய கம்பெனி தன் சப்ளையரைக் கேட்கும், அவர் தன் சப்ளையரைக் கேட்பார். அபராதத்துக்குப் பயந்து செய்வதைவிட ஆர்டர் போய்விடுமே என்று செய்வதுதான் அதிகம் என்றார் சார்.

அடுத்துத்தான் பெரிய கேள்வி வந்தது. இதையெல்லாம் செய்தால் கம்பெனிக்கு லாபம் கூடுமா, குறையுமா? நான் குறையும் என்று கை தூக்கினேன். "எந்த வருஷக் கணக்கைப் பார்த்தும்மா சொல்றே?" என்று கேட்டுவிட்டு போர்டில் எழுத ஆரம்பித்தார்.

சந்தையில் நூறு ரேண்டுக்குப் போகும் பங்கை, பங்குரிமை மதிப்பெண்ணுக்காக ஒரு கம்பெனி கறுப்பினக் குழுவுக்கு எழுபத்தைந்துக்குக் கொடுக்கிறது. ஒரு கோடிப் பங்கு. தள்ளுபடி இருபத்தைந்து கோடி ரேண்ட். ஐ.எஃப்.ஆர்.எஸ். 2 என்ற சர்வதேசக் கணக்கு விதிப்படி அதைச் செலவாக எழுத வேண்டும், அதுவும் பெரும்பாலும் அந்த ஒரே வருஷத்தில். செலவில் டெபிட், பங்குதாரர் நிதிப் பக்கம் ஒரு ரிசர்வில் கிரெடிட். அந்த இருபத்தைந்து கோடிக்காக பேங்க் கணக்கிலிருந்து ஒரு ரேண்ட்கூட வெளியே போகவில்லை. ஆனால் லாப நஷ்டக் கணக்கைத் திறந்தால் அந்த வருஷம் லாபம் சரிந்து கிடக்கும். இது தெரியாமல் லாபத்தையும் பி.இ.இ. மதிப்பெண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவர், கொள்கையால் நஷ்டம் என்று எழுதிவிடுவார். அதற்காக யாருக்கும் செலவே இல்லை என்றும் சார் சொல்லவில்லை. பழைய பங்குதாரரின் பங்கு அந்த அளவுக்குக் கரைகிறது, அதை மறைக்கக் கூடாது என்றார்.

மறுபக்கமும் அப்படித்தான். நல்ல லெவலில் இருக்கும் கம்பெனி நன்றாகச் சம்பாதிக்கிறது என்றால், லெவலால் சம்பாதிக்கிறதா, சம்பாதிப்பதால் பயிற்சிக்கும் சப்ளையருக்கும் செலவழித்து லெவல் வாங்கியதா? ஆய்வுகளும் இதில் ஒரே பதிலைச் சொல்வதில்லை, பங்கு விலையை எடுத்தால் ஒன்று, கணக்குப் புத்தக லாபத்தை எடுத்தால் வேறொன்று. இதை ஒளிக்காமல் சொல்லி, ரெண்டு கம்பெனியின் அஞ்சு வருஷ ஆண்டறிக்கையைக் கையில் கொடுத்து அந்த ஒருமுறைச் செலவை எங்களையே தேடிப் பிடிக்க வைத்தார். முக்கால் மணி நேரம் தேடிக் குறிப்பு எண் 27-ல் கண்டுபிடித்தேன். காலேஜில் மூன்று வருஷத்தில் இப்படி ஒரு வகுப்பு எனக்குக் கிடைத்ததில்லை.

பங்கு வாங்குகிறவர் பணத்துக்கு எங்கே போவார் என்று ஒரு பெண் கேட்டாள். அதற்குச் சார் சொன்ன உதாரணம் நம்ம கரையிலிருந்தே வந்தது. வியாபாரியிடம் முன்பணம் வாங்கிப் படகு இறக்கினால் மீனை அவருக்கே போட வேண்டும், விலையையும் அவரே சொல்வார், மீன்பாடு நன்றாக இருந்தால் கடன் அடைந்து படகு நம்முடையதாகும், இல்லையென்றால் பேர் மட்டும்தான் நம்முடையது. அங்கேயும் அப்படித்தான் கடன் வாங்கிப் பங்கு வாங்கினார்கள், வரும் டிவிடெண்டில் அடைக்கலாம் என்று. 1993-ல் சான்லாம் என்ற இன்சூரன்ஸ் நிறுவனம், மெட்ரோபாலிட்டன் லைஃப் என்ற இன்னொரு இன்சூரன்ஸ் கம்பெனியில் 10 சதவீதத்தை டாக்டர் ந்தாட்டோ மோட்லானாவின் குழுவுக்கு விற்றதுதான் இந்த வகையில் முதல் பெரிய விற்பனை. 1998-ல் பங்குச் சந்தை விழுந்தபோது அப்படி வாங்கியவர்களில் பலர் கடனோடு நின்றார்கள். 2008-ல் எண்ணெய் விலை உச்சத்தில் இருந்தபோது வந்த சாசோல் இன்சாலோ, அதாவது சாசோல் என்ற எரிபொருள் கம்பெனி கறுப்பினத்தவருக்குக் கொண்டுவந்த பங்குத் திட்டம், பத்து வருஷம் கழித்து முடிந்தபோது, கடன் போகப் பங்குதாரர் கையில் பெரிதாக எதுவும் மிஞ்சவில்லை. 2006-ல் மல்டிசாய்ஸ் டி.வி. கம்பெனி அதே மாதிரி பத்து ரேண்டுக்குக் கொண்டுவந்த புதுமா நாதி பங்கை வாங்கியவர்களோ நல்ல டிவிடெண்ட் பார்த்தார்கள். ஆக, கம்பெனிக்கு லாபமா என்று கேட்கும்போதே, பங்கு வாங்கிய சாதாரண நர்ஸுக்கும் டிரைவருக்கும் என்ன கிடைத்தது என்றும் கேட்க வேண்டும். வீட்டில் வாப்பாவிடம் இந்தப் படகுக் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். எங்கள் படகே அப்படி ஆறு வருஷம் அடுத்தவர் பிடியில் இருந்ததுதான்.

பினாமி வேலைக்கும் அங்கே பெயர் இருக்கிறது, ஃப்ரன்ட்டிங். தோட்டக்காரர் பெயரில் பங்கை எழுதிவிட்டு முடிவெல்லாம் முதலாளி எடுப்பது. பிடிபட்டால் பத்து வருஷம் வரை சிறை, கம்பெனிக்கு ஆண்டு விற்பனையில் 10 சதவீதம் வரை அபராதம்.

இனி குறை. கையில் கொடுக்கும் அச்சுப் புத்தகத்தில், 31-ம் பக்கத்தில், லெவல் பட்டியல் 2007-ஆம் வருஷத்தது. அதில் 85 மதிப்பெண்ணுக்கு மேல் லெவல் 2. இப்போதைய பொது விதியில் லெவல் 2-க்கு 95 வேண்டும், 80 முதல் 90-க்குள் இருந்தால் லெவல் 4. டர்பன் கம்பெனி ஒன்று எனக்குச் சோதனை வேலையாக ஒரு ஃபைல் அனுப்பியது, மதிப்பெண் 86. நான் புத்தகத்தை நம்பி லெவல் 2, 125 சதவீதம் என்று எழுதி அனுப்பினேன். மறுநாள் ஒரே வரியில் பதில், வேறு ஆளை எடுத்துக்கொள்கிறோம் என்று. அன்று ராத்திரி சாப்பிடவே இல்லை.

சாரிடம் காட்டியதும் அவர் உடனே தப்பை ஒத்துக்கொண்டார், அடுத்த சனிக்கிழமையே ஒரு திருத்தத் தாள் ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்தார். முன்னறையில் கட்டணம் வாங்குகிற அம்மா மட்டும் ஸ்டாக் தீரட்டும் என்று புது பேட்சுக்கும் அதே புத்தகத்தைத்தான் கொடுக்கிறார், தாள் இல்லாமல். இது சரியில்லை. பிள்ளைகள் இதை நம்பித்தான் வேலைக்கு உட்காருகிறார்கள், ஒரு பக்கத்தைக் கிழித்து ஒட்ட எவ்வளவு நேரமாகும்?

அஞ்சுக்கு நாலு கொடுக்கிறேன், நாலும் அந்த மூன்று வாரத்துக்காக. சேருகிறவர்கள் முதல் நாளே 31-ம் பக்கத்தைத் திறந்து பாருங்கள், 85 என்று இருந்தால் திருத்தத் தாளைக் கேட்டு வாங்கிய பிறகு கட்டணம் கட்டுங்கள்.