இரண்டு யூனிட் செம்மண்: கொடுங்கையூர், மூலக்கடை, மாதவரம் பக்கத்துக்காரர்கள் கவனத்துக்கு

ஐப்பசி மழைக்கு முன்னால் வீட்டுத் தோட்டத்தைச் சரிசெய்து வைக்க ஆள் தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். போன வருஷம் எனக்கு 31,000 ரூபாய் போனது. கூடவே எட்டு வருஷமாக நாங்கள் ஆக்கி வைத்திருந்த மண்ணும் போனது. பணத்தைக்கூட மறந்துவிட்டேன், மண்ணுக்குத்தான் இன்னும் மனசு ஆறவில்லை.

எங்கள் வீடு கொடுங்கையூரில். வாசலுக்கும் கேட்டுக்கும் நடுவே 20-க்கு 15 அடி இடம். ஒரு மல்லிப் பந்தல், நந்தியாவட்டை, மீதி இடத்தில் ஏதோ புல். அம்மா தினமும் காய்கறித் தோல், டீத்தூள், முட்டை ஓடு எல்லாவற்றையும் அங்கேதான் புதைப்பார். தோண்டினால் மண்புழு நெளியும். மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரில் தெருவெல்லாம் தண்ணீர். மழை நின்றதும் எங்கள் முன்புறம் சீக்கிரம் வடிந்துவிட்டது. மண் நல்ல மண், தரை மழைநீர்க் குழியை நோக்கிச் சரிவு. 2003-ல் அரசு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது அப்பா உறை இறக்கி, ஜல்லி கொட்டிப் போட்ட குழி அது.

செப்டம்பர் கடைசியில் கேட்டில் ஒரு நோட்டீஸ் செருகியிருந்தது. மழைக்கு முன் தோட்டச் சீரமைப்பு, கவாத்து, கார்பெட் புல், உரம். போன் செய்தேன். ஆள் மறுநாளே வந்துவிட்டார். வந்ததும் மண்ணை ஒரு பிடி எடுத்து மோந்து பார்த்து, “செத்த மண்ணு சார் இது, மழையில அழுகிடும். நாலு இஞ்ச் எடுத்துட்டு செங்குன்றம் செம்மண் போட்டுடலாம்” என்றார். அம்மா, “அதுலதானே எல்லாம் நல்லா வருது?” என்று கேட்டார். நான்தான், “நீ சும்மா இரும்மா, அவருக்குத் தெரியும்” என்றேன்.

கணக்கு இது: செம்மண் இரண்டு யூனிட் 11,000. புல் 300 சதுர அடி 12,000. மண்புழு உரம் பத்து மூட்டை 5,000. கவாத்தும் கூலியும் 3,000.

முதலில் யூனிட் விஷயம். ஒரு யூனிட் என்றால் 100 கன அடி. 300 சதுர அடியில் 4 அங்குலம் நிரப்ப சரியாக 100 கன அடி, அதாவது ஒரு யூனிட் போதும். அவர் “அமுங்கும் சார்” என்று இரண்டு சொன்னார். சரி, இரண்டாவது வந்ததா? வந்தது மூன்று நடை குட்டி யானை. அதன் தொட்டி ஏழடி நீளம், ஐந்தடிக்குச் சற்றுக் குறைந்த அகலம், ஓரடி உயரம். மட்டமாக நிரப்பினால் முப்பத்துச் சொச்சம் கன அடி. மூன்று நடை சேர்ந்தால் ஒரு யூனிட். இதையெல்லாம் நான் டேப் வைத்து அளந்தது நவம்பரில், எதிர்வீட்டு வண்டியில். காசு கொடுத்த அன்றைக்கு அளக்கவில்லை.

மண்ணைக் கொட்டிய வண்டிகள் வெறுமனே திரும்பவில்லை. எங்கள் பழைய மண்ணை ஏற்றிக்கொண்டு போயின. “கழிவு, நாங்களே அப்புறப்படுத்திடுவோம், அதுக்குச் சார்ஜ் இல்ல” என்றபோது நன்றி வேறு சொன்னேன். அது இன்னொரு வீட்டுக்குத் தோட்ட மண்ணாகப் போயிருக்கும் என்பது என் ஊகம்.

மழைநீர்க் குழியின் மூடி அசிங்கமாக இருக்கிறது என்று அதன் மேலும் மண் போட்டுப் புல் விரித்தார்கள். பார்க்க அழகாக, கேரம் போர்டு மாதிரி மட்டமாக இருந்தது.

அக்டோபர் நான்காவது வாரம் முதல் கனமழை. தண்ணீர் மூன்று நாள் அப்படியே நின்றது. வாசற்படி இரண்டாவது படி வரை. புல் மஞ்சளாகி, சாக்கடை நாற்றம் வந்தது. கடப்பாரையால் குத்தினால் மேலே ஓர் அங்குலம்தான் சிவப்பு. அடியில் அஸ்திவாரம் தோண்டும்போது வருகிற கருங்களி, செங்கல் துண்டும் கேரி பேக்குமாக.

பக்கத்து வீட்டு அக்கா மொட்டை மாடியில் கீரை போடுபவர். வந்து பார்த்துவிட்டு, “ஒரு பாட்டில் தண்ணில கால் பாகம் மண்ணைப் போட்டுக் குலுக்கி வைச்சிருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும் தம்பி” என்றார். மணல் ஒரு நிமிஷத்தில் அடியில் படியும், வண்டல் சில மணி நேரத்தில், களி மறுநாளும் கலங்கலாகவே நிற்கும். செய்து பார்த்தேன். இரண்டு நாள் கழித்தும் பாட்டில் பால் ஊற்றாத டீ மாதிரி இருந்தது.

உரமும் அப்படித்தான். மண்புழு உரம் கையில் உதிர வேண்டும், மழை பெய்த மண் வாசனை வர வேண்டும். எனக்கு வந்ததை நனைத்துப் பிழிந்தால் பழுப்புத் தண்ணீர் இறங்கியது. கழுவாத தென்னை நார்த்தூள், அதில் கொஞ்சம் சாம்பல். புல்லோடு கோரைக் கிழங்கும் இலவசமாக வந்திருந்தது. இலையைப் பிடுங்கினால் கிழங்கு உள்ளேயே இருந்து மறுபடி முளைக்கிறது.

மல்லியைச் சொல்லாமல் விட மனமில்லை. அதை அக்டோபர் முதல் வாரத்திலேயே மொட்டையடித்துவிட்டார். மல்லிக்குக் கவாத்து நவம்பர் கடைசி வாரம், தரையிலிருந்து 50 செ.மீ. விட்டு வெட்ட வேண்டும் என்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமே சொல்கிறது. பெருமழைக்கு முன் வெட்டியது, காலடியில் தேங்கிய தண்ணீர், இரண்டும் சேர்ந்து நான்கு செடியில் மூன்று பட்டுப்போயின.

போன் செய்தால் “மழை விடட்டும் சார்” என்றார். மழை விட்டதும் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசினேன். பில்லும் முகவரியும் கேட்டார்கள், நியாயம்தான். என்னிடம் இருப்பது கையால் எழுதிய துண்டுச் சீட்டும் யாரோ ஒருவர் பெயருக்குப் போன ஜிபேயும். நீங்களாவது முதல் நடை இறங்கும்போதே பாட்டிலை எடுங்கள். முழுப் பணத்தை முதல் மழை முடிகிற வரை கொடுக்காதீர்கள். பழைய மண்ணை கேட்டைத் தாண்ட விடாதீர்கள்.

குழியின் மூடியைத் தோண்டி எடுத்துவிட்டோம். இப்போது களியை அள்ளிப் போக ஆள் கேட்டிருக்கிறேன். “ரெண்டு யூனிட் இருக்கும் சார்” என்கிறார். டேப்பை வாசலிலேயே வைத்திருக்கிறேன்.