கூகுள் டிரைவில் ஒரு சின்ன கிளினிக்: இரண்டரை வருட அனுபவம்

2023 சித்திரையில், அழகர் ஆற்றில் இறங்கிய அன்று காலை எங்கள் கிளினிக்கில் நர்ஸ் ஒருவர்கூட இல்லை. ஏழு மணி டியூட்டிக்கு வர வேண்டியவர், இன்னொருவர் வருவார் என்று வீட்டில் இருந்துவிட்டார். அந்த இன்னொருவர் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு ஆழ்வார்புரம் கூட்டத்துக்குள் நின்றிருந்தார். இருவர் போனிலும் டியூட்டி லிஸ்ட் இருந்தது. இரண்டுமே நான் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டதுதான். ஒன்று திங்கட்கிழமை போட்டது, மற்றது புதன்கிழமை திருத்திப் போட்டது. நடுவில் ஏகப்பட்ட குட்மார்னிங் படங்கள். அன்றைக்கு டிரிப் பாட்டிலை டாக்டரம்மாவே மாற்றினார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூட தேவலை.

எங்களுடையது திருமங்கலத்தில் ஒரு சின்ன கிளினிக். டாக்டர் தம்பதி, நர்ஸ்கள், லேப், பார்மசி, ரிசப்ஷன், துப்புரவு என்று மொத்தம் 14 பேர். நான் நிர்வாகம். கரண்ட் பில்லிலிருந்து சம்பளம் வரை எல்லாம் என் தலையில். அந்த மே மாதக் கடைசியில் கூகுள் டிரைவுக்கு மாறினோம், அதாவது ஃபைல்களை இணையத்தில் ஒரே இடத்தில் வைத்து, எல்லோரும் அதையே திறந்து பார்க்கிற வசதிக்கு. இப்போது இரண்டரை வருடத்துக்கு மேல் ஆகிறது. இதே மாதிரி சின்ன இடத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன். பெரிய ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு இதில் ஒன்றும் இல்லை.

ஆரம்பத்தில் நான் செய்த வேலையை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து 31 போல்டர் போட்டேன். போல்டருக்குள் போல்டர், அதற்குள் வருடம், அதற்குள் மாதம். பெயரெல்லாம் இங்கிலீஷ். மருத்துவக் கழிவு எடை எழுதும் ஷீட்டை நாலாவது அடுக்கில் வைத்திருந்தேன். கழிவை மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று நிறவாரியாகப் பிரித்து, தினமும் எடை போட்டு எழுத வேண்டிய ஷீட் அது. மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் அதில் ஒரு வரிகூட இல்லை. எங்கள் சீனியர் சிஸ்டரிடம் கேட்டேன்.

"தம்பி, கோவிச்சுக்காதீங்க. நாங்க அதைக் குப்பை நோட்டுன்னுதான் சொல்லுவோம். நீங்க என்ன பேர் வச்சிருக்கீங்களோ, எங்கிட்டு வச்சிருக்கீங்களோ, யாருக்குத் தெரியும்?"

பக்கத்து நாற்காலியைக் காட்டி, நீங்களே அடுக்குங்கள் அக்கா என்றேன். அரை மணி நேரத்தில் 31 போல்டர் 6 ஆகிவிட்டது. டியூட்டி, குப்பை நோட்டு, ஸ்டாக், லேப், நோயாளிக்குக் கொடுக்கிற தாள், ஆபீஸ். அவ்வளவுதான். 'ஆபீஸ்' என்பது என் ஒருவனுக்கு. அதற்குள் நான் எத்தனை அடுக்கு வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம் என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார். அந்த ஆறு பெயரும் இன்று வரை மாறவில்லை. நான் சேர்த்தது ஒன்றே ஒன்றுதான்: ஃபைல் பெயரில் வருடம், மாதம், தேதி என்ற வரிசையில் எண்ணை முன்னால் போடுவது. அப்படிப் போட்டால் பெயர்வாரியாக அடுக்கும்போதே தேதிவாரியாகவும் நின்றுவிடும்.

டியூட்டி லிஸ்ட்தான் பெரிய வெற்றி. ஒரே ஷீட், ஒரே லிங்க். மாற்ற வேண்டுமென்றால் அதையேதான் மாற்ற வேண்டும். பார்ப்பவர்கள் 14 பேர், கை வைக்கிறவர்கள் இரண்டு பேர். குரூப்பில் லிஸ்ட்டைப் போட்டோவாகப் போடக் கூடாது என்று ஒரு சட்டம் போட்டேன். முதல் மாதம் அதை மீறியதும் நான்தான், பழக்க தோஷம். யார் எப்போது எந்தக் கட்டத்தை மாற்றினார் என்று ஷீட்டே சொல்லிவிடுவதால், 'நான் லீவு கேட்டேனே, எழுதலையா' என்கிற பஞ்சாயத்து பாதிக்குமேல் குறைந்தது.

அந்த 'யார் எப்போது' வசதியால் வந்த சங்கடத்தையும் சொல்லிவிடுகிறேன். தடுப்பூசி ஃப்ரிட்ஜின் வெப்பநிலை 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். காலையும் மாலையும் பார்த்துக் குறிக்க வேண்டும். அதையும் ஷீட்டுக்குக் கொண்டுபோனேன். 8-ஐத் தாண்டினால் கட்டம் தானாகச் சிவப்பாகும்படி வைத்து, டாக்டரிடம் காட்டி நல்ல பெயரும் வாங்கிக்கொண்டேன். இரண்டு மாதம் கழித்து அந்தப் பக்கத்தைத் திறந்தால் 4, 4, 4, 4 என்று நேர்கோடு. ஆடிக்காற்றில் நாளுக்கு இரண்டு தடவை கரண்ட் போய் வந்த மாதம் அது! மாற்றங்களைத் தோண்டிப் பார்த்தேன். ஒவ்வொரு சனிக்கிழமை சாயங்காலமும் பத்து நிமிடத்துக்குள் ஒரு வாரத்துக் கட்டங்கள் மொத்தமாக நிரம்பியிருந்தன.

கோபம் வந்தது உண்மை. ஆனால் போய்ப் பார்த்தால், ஃப்ரிட்ஜ் இருப்பது பார்மசியில், கம்ப்யூட்டர் இருப்பது ரிசப்ஷனில். காலை ஓ.பி. கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒரு எண்ணை எழுத யார் வருவார்? டியூட்டி நேரத்தில் போனை எடுக்கக் கூடாது என்று சொன்னவனும் நானே. மறுநாளே ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாளை ஒட்டி, நூலில் பேனாவைக் கட்டித் தொங்கவிட்டேன். மாதக் கடைசியில் அந்தத் தாளைப் போட்டோ எடுத்து டிரைவில் போட்டுவிடுகிறோம். இப்போது 3, 5, 6, ஒருநாள் 9 என்று உயிருள்ள எண்கள் வருகின்றன. அந்த 9-ஐப் பார்த்துத்தான் ஃப்ரிட்ஜுக்குத் தனி இன்வெர்ட்டர் லைன் இழுத்தோம்.

அடுத்தது, நோயாளிக்குக் கொடுக்கிற தாள். சர்க்கரை நோயாளிகளின் பாதப் பராமரிப்பு, டயாலிசிஸுக்குப் போகிறவர்களின் சாப்பாடு என்று 11 தாள்கள். எல்லாம் பல வருடத்துக்கு முன் ஒரு டி.டி.பி. கடையில் பாமினி எழுத்துருவில் அடித்தவை. இங்கிலீஷ் எழுத்துகளைத் தமிழ் வடிவத்தில் காட்டுகிற பழைய எழுத்துரு அது. டிரைவில் ஏற்றி போனில் திறந்தால் தமிழையே காணோம். 'அ' இருக்க வேண்டிய இடத்தில் இங்கிலீஷ் 'எம்', நடுநடுவே அரைப்புள்ளி. தேடினாலும் சிக்காது. சரி, எந்தப் போனிலும் தமிழாகவே தெரிகிற யூனிகோடுக்கு மாற்றிவிடலாம் என்று இணையத்தில் கிடைக்கும் மாற்றியில் போட்டேன். தமிழ் அழகாக வந்தது. ஆனால் தாளில் இங்கிலீஷில் இருந்த மாத்திரைப் பெயர்களையும் அது பாமினி என்று நினைத்துக்கொண்டது. மெட்ஃபார்மின், 'அநவக' என்று ஆரம்பிக்கும் ஏதோ மந்திரமாக மாறியிருந்தது. இரண்டு தாளை அப்படியே பிரிண்ட் எடுத்துவிட்டேன், பார்மசிக்காரத் தம்பி பார்த்துச் சிரித்தபோதுதான் தெரிந்தது. அப்புறம் 11 தாளையும் வரி வரியாக ஒப்பிட்டு, டாக்டரம்மா ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் போல்டரில் சேர்த்தேன். உங்களிடமும் பாமினித் தாள்கள் இருந்தால், மருந்துப் பெயர்களை முதலிலேயே வெட்டித் தனியே வைத்துக்கொண்டு மாற்றுங்கள்.

இடப் பிரச்சினை ஆறாவது மாதம் வந்தது. இலவசக் கணக்கில் 15 ஜி.பி.தான், மெயில், டிரைவ், போட்டோ எல்லாவற்றுக்கும் சேர்த்து. ரிசப்ஷன் போனில் அதே கணக்கைப் போட்டிருந்ததால், அதில் எடுத்த ஒவ்வொரு வீடியோவும் தானாக ஏறிக்கொண்டிருந்தது. ஒருவர் வீட்டுக் காதுகுத்து மட்டும் 2 ஜி.பி. இடம் நிறைந்தால் மெயிலும் வராது என்பது, வெளி லேப் ரிப்போர்ட் ஒருநாள் வராமல் நின்றபோது தெரிந்தது. போட்டோ பேக்கப்பை நிறுத்தினோம், 100 ஜி.பி. திட்டம் வாங்கினோம். அப்போது மாதம் 130 ரூபாய். டீ செலவைவிடக் குறைவு.

அதைவிடப் பெரிய பயம் வேறு. ஸ்டாக் ஷீட்டை ஆரம்பித்தது ரிசப்ஷனில் இருந்த பெண், அவருடைய சொந்த ஜிமெயிலில். கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போய்விட்டார். யார் கணக்கில் உருவானதோ அவருக்குத்தான் அந்த ஃபைல் சொந்தம். நாங்கள் வெறும் விருந்தாளிகள். இது உறைத்ததும் போன் போட்டேன்.

"ஐயோ அண்ணே, அந்த ஐடியவே அழிச்சுரலாம்னு இருந்தேன். நல்ல நேரத்துல கூப்பிட்டீங்க."

அன்று ராத்திரியே உரிமையை எங்கள் கணக்குக்கு மாற்றி அனுப்பினார். நாங்களும் ஏற்றுக்கொண்டோம், ஏற்றுக்கொண்டால்தான் மாறும். அதிலிருந்து எந்த ஃபைலையும் கிளினிக் கணக்கில்தான் ஆரம்பிக்கிறோம். அந்தக் கணக்கின் இரண்டாம் கட்டப் பாஸ்வேர்டு டாக்டரம்மா போனுக்குப் போகும்.

நோயாளி விவரங்களைப் பற்றி என் கருத்து கறார். இதில் வைக்கவே வேண்டாம். லேப் போல்டரின் லிங்க்கை, விலைப்பட்டியல் போடுவதற்காக, ரீஏஜென்ட் (பரிசோதனைக்கான ரசாயனம்) சப்ளையர் ஒருவருக்கு 'லிங்க் உள்ள எவரும்' என்று திறந்து கொடுத்திருந்தேன். அடுத்த வாரம் லேப் தம்பி ஒரு இ.சி.ஜி. தாளைப் படம் எடுத்து, பெயர், வயதோடு அதே போல்டரில் போட்டுவிட்டார். ஒன்றரை நாள் அது அப்படியே கிடந்தது. பார்த்த நிமிடம் வயிற்றைக் கலக்கியது. தப்பு அவர் மேல் இல்லை, கதவைத் திறந்து வைத்தவன் நான். 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்து, 2025 நவம்பரில் விதிகளும் வந்துவிட்டன. இனி இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாது.

கேஸ் ஷீட் எங்களிடம் இன்னும் காகிதம்தான். பில்லிங் மென்பொருள் தனிக் கம்ப்யூட்டரில் ஓடுகிறது, சனிக்கிழமைதோறும் ஹார்டு டிஸ்க்கில் நகல். டிரைவில் இருப்பது ஒரு வழிகாட்டி ஷீட் மட்டும்: ஓ.பி. எண், எந்த அலமாரி, எந்தத் தட்டு. பெயர் கிடையாது, நோய் கிடையாது. உள்நோயாளிப் பதிவுகளை 3 வருடம் வைத்திருக்க வேண்டும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது 2002-ஆம் வருட மருத்துவக் கவுன்சில் விதி. முன்பெல்லாம் இன்சூரன்ஸுக்காக யாராவது பழைய ஷீட் கேட்டால் மாடி அறையில் அரை நாள் தூசியில் புரள வேண்டும். இப்போது பத்து நிமிடத்தில் எடுத்து ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்துவிடுகிறோம். எனக்கு இந்த ஷீட் ஒன்றுக்காகவே மொத்த முயற்சியும் தகும்.

இன்னும் படியாதவையும் இருக்கின்றன. லேப்பில் என்ன தீர்ந்தாலும் குரல் செய்தியாகத்தான் வருகிறது. நான்தான் கேட்டு ஸ்டாக்கில் ஏற்றுகிறேன். நெட் போனால் ரிசப்ஷன் கம்ப்யூட்டரில் ஆஃப்லைன் வைத்ததால் டியூட்டி ஷீட் திறக்கும், மற்றவை திறக்காது. சீனியர் சிஸ்டர் இன்றும் வாராவாரம் டியூட்டி ஷீட்டை பிரிண்ட் எடுத்து, அடியில் எடுத்த தேதியைப் பேனாவால் எழுதிச் சுவரில் ஒட்டுகிறார். முதலில் அதைக் கிழித்துப் போட நினைத்தேன். இப்போது பிரிண்டருக்குத் தாள் வைப்பது நான்தான்.

அடுத்த சித்திரைக்கான பக்கத்தை நேற்றுத்தான் திறந்தேன். அழகர் இறங்கும் நாளுக்கு நேராக இரண்டு பேர் ஏற்கெனவே 'லீவு வேணும்' என்று குறிப்பு போட்டிருக்கிறார்கள். அதில் ஒன்று டாக்டரம்மாவுடையது.