ஒரே நாளில் பனிமலை: கேம்ப் மியூரா, செயின்ட் ஹெலன்ஸா?

கோடையில் பனியில் ஏற வேண்டும், அன்றைக்கே இறங்கிவிடவும் வேண்டும் என்றால், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் இரண்டு இடங்கள் தோதானவை. ஒன்று, ரெய்னியர் மலையின் தெற்குச் சரிவில் 10,188 அடி உயரத்தில் இருக்கும் கேம்ப் மியூர். சிகரம் ஏறுகிறவர்கள் இரவு தங்கும் முகாம் அது. இன்னொன்று, 1980 மே 18 அன்று வெடித்து உச்சியில் சுமார் 1,300 அடியை இழந்த செயின்ட் ஹெலன்ஸ் எரிமலை. இரண்டிலும் ஏறியவன் என்ற முறையில், ஒரு நாள்தான் கையில் இருக்கிறது என்றால் மியூருக்குப் போகவே சொல்வேன்.

ஏற்றம் இரண்டிலும் ஏறக்குறைய 4,500 அடி. போய்வர 8 முதல் 10 மைல். உடல் தெம்பை வைத்து இதா அதா என்று பார்க்க ஒன்றுமில்லை.

ஹெலன்ஸின் கோடைப் பாதையான மானிட்டர் ரிட்ஜில் ஆகஸ்ட் வந்தால் பனி பெரும்பாலும் கரைந்துவிடும். காடு முடிந்ததும் பெரிய பெரிய பாறைகள். கையுறை இல்லாமல் பிடித்தால் உள்ளங்கை சிராய்த்துவிடும். உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் வெறும் சாம்பலும் பொடிக்கல்லும், வைத்த கால் கீழே நழுவும். ஜூனில் பனி இருக்கும்போது ஏறுவது இதைவிடச் சுகம் என்கிறார்கள். நான் போனது ஆகஸ்டில்தான். மியூரில் பெபிள் க்ரீக் ஓடையைத் தாண்டினால் முகாம் வரை இரண்டு மைலுக்கு மேல் பனிவெளி, கோடை முழுக்க.

எனக்கு எல்லாவற்றையும் விடப் பெரிய விஷயம், போகும் நாளை நாமே தேர்ந்தெடுக்க முடிகிறதா என்பது. ஹெலன்ஸில் 4,800 அடிக்கு மேல் போக பர்மிட் வேண்டும். கோடையில் ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று கணக்கு உண்டு. சனி, ஞாயிறு சீக்கிரமே தீர்ந்துவிடும். முன்கூட்டியே ஒரு தேதி வாங்கிவிட்டு, அன்றைக்கு வானம் எப்படியோ என்று காத்திருக்க வேண்டும். பர்மிட் கையில் இருந்தால், மேகம் திரண்டாலும் போய்த்தான் பார்ப்போமே என்று மனசு சொல்லும். மியூருக்குப் பகலில் போய்வர மலையேற்ற பர்மிட் கிடையாது, ரெய்னியர் தேசியப் பூங்காவின் நுழைவுக் கட்டணம் போதும். வியாழன் இரவு முன்னறிவிப்பைப் பார்த்து, வெள்ளியா சனியா என்று முடிவு செய்யலாம், சரியில்லை என்றால் தள்ளிப் போடலாம்.

மியூரில் இந்தச் சுதந்திரம் இல்லாமல் முடியாது. மேகம் இறங்கினால் தரையும் வானமும் ஒரே வெள்ளையாகிவிடும், முன்னால் போகிறவர் கூடத் தெரியமாட்டார். பனிவெளியில் நிலையான தடம் கிடையாது. இறங்கும்போது வலப்பக்கம் விலகினால் நிஸ்குவாலி பனியாறு, இடப்பக்கம் பாரடைஸ் பனியாறு, இரண்டிலும் ஆழமான பனிப் பிளவுகள். வழி தவறி உயிரிழந்தவர்கள் உண்டு. போனில் வரைபடம் இருந்தாலும் குளிரில் பேட்டரி இறங்கிவிடும்; திசைகாட்டி அவசியம். பெபிள் க்ரீக்கிலேயே மேகம் கண்ணில் பட்டால் திரும்பிவிடுங்கள்.

காட்சிக்கு ஹெலன்ஸ்தான். உச்சியில் எரிமலை வாயின் விளிம்பில் நின்று உள்ளே எரிமலைக் குழம்பு இறுகிய குன்றையும் அப்பால் ஸ்பிரிட் ஏரியையும் பார்ப்பதற்கு மியூரில் ஈடு இல்லை. கோடைத் தொடக்கத்தில் அந்த விளிம்பில் பனி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அதன்மேல் கால் வைக்கக் கூடாது.

இறங்குவது மியூரில் சுகம். பனியில் உட்கார்ந்து சறுக்கலாம், முழங்கால் தப்பும். பனியில் வழுக்காமல் இருக்கப் பூட்ஸுக்கு அடியில் மாட்டிய முள்பட்டையை (கிராம்பான்) கழற்றிவிட்டுத்தான் சறுக்க வேண்டும். முள் பனியில் குத்தினால் கணுக்கால் முறியும். அப்புறம், சன்ஸ்கிரீனை மூக்குக்கு அடியிலும் தாடைக்குக் கீழும் தடவுங்கள். பனியில் பட்டுத் திரும்பும் வெயில் அங்கேதான் சுடும்.