கையெழுத்து வாங்கித் தருகிறோம் என்று கூடுதல் பணம் கேட்டால், கட்டும் முன் இதைப் படியுங்கள்

பார்சல் அனுப்பப் போகும்போது "பெறுபவரிடம் கையெழுத்து வாங்கித்தான் கொடுப்போம், அதற்குத் தனிக் கட்டணம்" என்று ஒரு தனியார் கூரியரில் சொன்னால், தயவுசெய்து உடனே பணத்தை நீட்டிவிடாதீர்கள். நான் கட்டினேன். பொருள் போய்ச் சேரவில்லை. அதைவிட மோசம், நான் காசு கொடுத்து வாங்கிய அந்தக் கையெழுத்தையே என்னிடம் காட்டி, "எங்க வேலை முடிஞ்சுது" என்று கையை விரித்துவிட்டார்கள்.

மதுரையில் வீட்டிலிருந்தபடியே சுங்குடிப் புடவை விற்கிறேன். ஓசூரில் ஒரு டீச்சர், மகள் வளைகாப்புக்காக ஐந்து புடவை கேட்டிருந்தார். அதில் மூன்று சாதாரண அச்சுச் சுங்குடி. இரண்டு மட்டும் கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றியது. இப்போது கடைகளில் சுங்குடி என்று கிடைப்பதில் பெரும்பாலும் அச்சு வேலைதான். கையால் முடிச்சுப் போடுகிறவர்கள் குறைந்துபோனார்கள். ஒரு புடவைக்கு அவர்கள் எத்தனை நாள் உட்கார்கிறார்கள் என்பது பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அந்த இரண்டும் தொலைந்தால் மறுவாரமே இன்னொன்று எடுத்து அனுப்ப முடியாது. அதனால்தான் வழக்கமாக அனுப்புவதைவிடப் பத்திரமாக அனுப்ப வேண்டும் என்று நினைத்தேன்.

கூரியர் கிளையில் இருந்த பையன், "அறுபது ரூபா சேத்துக் குடுங்கக்கா. கையெழுத்து வாங்காம பார்சலை விடவே மாட்டாங்க" என்றான். கொடுத்தேன். சீட்டில் அந்த அறுபது ரூபாய் 'இதர கட்டணம்' என்று மட்டும் ஏறியிருந்தது. கையெழுத்து என்ற வார்த்தையே அதில் இல்லை. இது என்ன என்று கேட்டதற்கு, "சிஸ்டத்துல அப்படித்தான்க்கா வரும்" என்று பதில் வந்தது.

பார்சல் போய்ச் சேர வேண்டிய அன்று, 'டெலிவரி ஆகிவிட்டது' என்று எனக்கு மெசேஜ் வந்தது. டீச்சருக்குப் போன் செய்தால், "அக்கா, நான் லீவு போட்டு வீட்லதான் இருக்கேன். யாருமே வரலையே" என்கிறார். கையெழுத்துப் படத்தை அனுப்பச் சொல்லிக் கேட்டுக் கேட்டுத்தான் வாங்கினேன். போன் திரையில் விரலால் இழுத்த ஒரு கோடு. கீழே ஆங்கிலத்தில் அவர் பெயர், அதுவும் எழுத்துப் பிழையோடு. அவர் கையெழுத்துப் போடுவது தமிழில். யாரிடம் கொடுத்தார்கள், அவர் யார், எந்த வீட்டு வாசல், ஒன்றும் இல்லை. ஓசூர்க் கிளையில் ஒரு தடவை "கேட்ல நின்னவர்கிட்ட குடுத்தோம்" என்றார்கள், இன்னொரு தடவை "மேடம் கையிலயே குடுத்தோம்" என்றார்கள்.

மதுரைக் கிளைக்கு நேரிலேயே போனேன். அங்கே இருந்த மேலாளர் என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை. "சைன் ஆகியிருக்கு மேடம். சைன் ஆன பார்சலுக்கு நாங்க பொறுப்பில்ல. வேணும்னா சீட்டுப் பின்னால இருக்கறபடி நூறு ரூபா தர்றோம்" என்றார். பொடி எழுத்தில், பார்சல் தொலைந்தால் 100 ரூபாய்தான் என்று உண்மையிலேயே அச்சாகியிருந்தது. உள்ளே இருந்தது 11,000 ரூபாய்ச் சரக்கு. கையெழுத்து இல்லாமல் சாதாரணமாக அனுப்பியிருந்தால், 'பார்சலைக் காணவில்லை' என்றாவது அவர்கள் ஒத்துக்கொண்டிருக்க வேண்டும். இப்போது 'கொடுத்துவிட்டோம்' என்று சாதிக்க அந்தக் கோடு அவர்கள் கையில் இருக்கிறது. எனக்கு வயிறு எரிவது இதில்தான்.

என் சித்தப்பா பல வருடம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவர். சீட்டைத் திருப்பிப் பார்த்தவுடன் அவர் கேட்ட முதல் கேள்வி, "இதுல நீ கையெழுத்துப் போட்டியாம்மா?" என்பதுதான். நான் போடவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. அது ஏன் முக்கியம் என்று பிறகு விளக்கினார். ஒரு பின்னலாடை நிறுவனம் வெளிநாட்டுக்கு அனுப்பிய ஆவணங்கள் நேரத்துக்குப் போய்ச் சேராமல், கூரியர் நிறுவனத்தின் மேல் தொடுத்த வழக்கு ஒன்று உச்ச நீதிமன்றம் வரை போனது. 1996-ல் தீர்ப்பு. சீட்டில் கையெழுத்துப் போட்டு அனுப்பியதால், அதில் கண்ட 100 டாலர் நஷ்ட ஈட்டு வரம்பு அனுப்பியவரைக் கட்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஆக, கூரியர் சீட்டில் 'அனுப்புநர்' என்ற இடத்தில் நாம் யோசிக்காமல் கிறுக்குகிறோமே, அது வெறும் சம்பிரதாயம் கிடையாது. பின்பக்கத்தைப் படிக்காமல் அங்கே பேனாவை வைக்காதீர்கள்.

சரி, அப்படியானால் கையெழுத்துக்குப் பணம் கட்டுவதே வீணா என்றால், அப்படியும் இல்லை. எதற்காகக் கட்டுகிறோம் என்பதைப் பொறுத்தது. கையெழுத்து என்பது 'போய்ச் சேர்ந்தது' என்பதற்குச் சாட்சி, அவ்வளவுதான். பொருளின் விலைக்கு அது காப்பு ஆகாது. விலைக்குக் காப்பு வேண்டுமானால் மதிப்பைச் சொல்லி இன்ஷூர் செய்ய வேண்டும். அந்த மதிப்பு சீட்டில் ஏற வேண்டும், கூடவே பில் நகலும் இருக்க வேண்டும். கூரியர் கவுண்டரில் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழைத்துப் பேசித்தான் பணம் வாங்குகிறார்கள்.

சாட்சிதான் முக்கியம் என்றால் அதற்குத் தபால் ஆபீஸ் இருக்கிறது. பழைய பதிவுத் தபாலை 2025-ல் ஸ்பீடு போஸ்டோடு சேர்த்துவிட்டார்கள். அதைக் கேட்டு, இனிப் பதிவே கிடையாது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது சரியில்லை. 2025 அக்டோபர் 1 முதல் ஸ்பீடு போஸ்டிலேயே 'பதிவு' என்று கேட்டுப் போடலாம். அதற்குக் கூடுதலாக 5 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். சும்மா ஸ்பீடு போஸ்ட் என்றால் அந்த முகவரியில் இருக்கும் யாரிடமும் கொடுக்கலாம். பதிவு போட்டால் பெயருக்கு உரியவரிடமோ, அவர் எழுதிக்கொடுத்து அதிகாரம் தந்தவரிடமோதான் கொடுக்க வேண்டும். கவுண்டரில் நாமாகக் கேட்டால்தான் போடுவார்கள், அதனால் வாய்விட்டுக் கேளுங்கள். ரசீதில் அது ஏறியிருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள்.

வக்கீல் நோட்டீஸ், செக் திரும்பிய நோட்டீஸ், வாடகை அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டு எழுதும் கடிதம் இவற்றுக்கெல்லாம் அந்த ஐந்து ரூபாயை யோசிக்கவே வேண்டாம். 1897-ஆம் வருடப் பொது உட்பிரிவுகள் சட்டத்தின் 27-வது பிரிவு, சரியான முகவரி எழுதி, கட்டணம் கட்டி, பதிவுத் தபாலில் போட்டிருந்தால் அது சேர்ந்ததாகவே எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. சேரவில்லை என்று நிரூபிப்பது எதிராளியின் பாடு. செக் நோட்டீஸ் என்றால், பேங்கில் இருந்து தகவல் வந்த 30 நாளுக்குள் அனுப்பியாக வேண்டும். அந்த அவசரத்தில் தனியார் கூரியரின் கோட்டுப் படத்தை நம்பினால் வழக்கே ஆட்டம் கண்டுவிடும் என்று சித்தப்பா திரும்பத் திரும்பச் சொன்னார்.

புடவை, நகைப்பெட்டி, போன் மாதிரிப் பொருளுக்கு என்றால் கையெழுத்தைவிட ஓடிபி முறை மேல். ஸ்பீடு போஸ்டில் அதற்கும் 5 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். பெறுபவரின் போனுக்கு எண் வரும், அதைச் சொன்னால்தான் பொருள் கைக்கு வரும். அந்த எண்ணை யார் வேண்டுமானாலும் கிறுக்கிவிட முடியாது. பெறுபவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: ஆள் வாசலில் வந்து நின்று, பார்சலைக் கண்ணால் பார்த்த பிறகுதான் எண்ணைச் சொல்ல வேண்டும். "வந்துட்டே இருக்கேன், எண்ணைச் சொல்லுங்க" என்று போனில் கேட்பவருக்குச் சொல்லக் கூடாது.

தபாலிலும் தொலைந்தால் முழுப் பணம் வந்துவிடும் என்று எண்ண வேண்டாம். ஸ்பீடு போஸ்ட் தொலைந்தால் கட்டிய கட்டணத்தைப் போல் இரு மடங்கு அல்லது 1,000 ரூபாய், இதில் எது குறைவோ அதுதான் என்பது அங்கே நெடுநாளாக இருந்துவந்த விதி. அதனால் விலை உள்ள பொருளை எங்கே போட்டாலும் இன்ஷூர் செய்து போடுங்கள்.

என் விஷயத்துக்கு வருகிறேன். டீச்சருக்கு நான் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். வளைகாப்புக்குப் புடவை இல்லாமல் போனதற்கு என்ன சொல்லியும் ஈடாகாது. அவர் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. தனக்குப் பார்சல் வரவில்லை என்று கைப்பட எழுதி, தன் உண்மையான கையெழுத்தோடு எனக்கு அனுப்பினார். அதை வைத்து முதலில் 1915-க்கு, அதாவது தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்து புகாரைப் பதிந்தேன். கூரியர் நிறுவனம் அதற்கும் 'டெலிவரி ஆனது' என்றே பதில் போட்டது. அடுத்ததாக மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போடுகிறேன். நான் மதுரையில் குடியிருப்பதால் மதுரையிலேயே போடலாம், ஓசூருக்கு அலைய வேண்டாம். 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அப்படி மாற்றித் தந்திருக்கிறது. பொருளுக்கோ சேவைக்கோ நாம் கொடுத்த பணம் 5 லட்சம் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணமும் இல்லை. நுகர்வோர் வழக்குகளுக்கான இ-ஜாக்ரிதி என்ற அரசு இணையதளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம்.

உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் சீட்டு இரண்டு பக்கமும், கையெழுத்துப் படம், மெசேஜ், பொருளின் பில், பெறுபவர் எழுதித் தந்த கடிதம் இவ்வளவையும் எடுத்துப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். நூறு ரூபாய் கொடுத்து 'முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்' என்று எழுதி வாங்கப் பார்ப்பார்கள், அதில் கையெழுத்துப் போடாதீர்கள். மனுப் போட இரண்டு வருடம் வரை நேரம் இருக்கிறது.