கோல்டன் சீட்டா: இரண்டு பவர் பதிவுகளை ஒப்பிட விரும்புவோருக்கான மென்பொருள்

வாடைக்காற்றோடு மழை பிடிக்கும் ஐப்பசி முதல் தை வரையான மாதங்களில், நிலாவெளி வீதியால் குச்சவெளி வரை சைக்கிளில் போய்வரும் திருகோணமலைக்காரர்களும் பயிற்சியை வீட்டு விறாந்தைக்கு மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஸ்மார்ட் டிரெய்னர் (சைக்கிளைப் பொருத்தி நின்ற இடத்திலேயே மிதிக்கவும், மிதிப்பின் ஆற்றலை அளக்கவும் உதவும் கருவி) ஒன்றையும், பெடலில் பொருத்திய பவர் மீட்டர் (மிதிப்பின் ஆற்றலை வாட் கணக்கில் அளக்கும் கருவி) ஒன்றையும் வைத்திருப்பவருக்கு அப்போது ஒரு கேள்வி எழுகிறது. ஒரே மிதிப்புக்கு இரண்டு கருவிகளும் வெவ்வேறு வாட் கணக்கைக் காட்டுகின்றன. எதை நம்பிப் பயிற்சி செய்வது? இதற்கு விடை காண இரண்டு பதிவுகளையும் விநாடிக்கு விநாடி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு பயிற்சிக்குப் பின்னும் கோப்புகளைக் கையால் தேடியெடுத்துச் செய்வதென்றால் யாருக்கும் விரைவில் அலுத்துவிடும். இந்த வேலையில் பெரும்பகுதியைத் தானாகவே நடக்கச் செய்ய முடியும் என்பதாலேயே சைக்கிள் பயிற்சிப் பதிவுகளை ஆராய உதவும் கோல்டன் சீட்டா மென்பொருளை இங்கே மதிப்பிடுகிறேன்.

இது திறந்த மூல மென்பொருள், அதாவது இதன் மூல நிரலை யாரும் பார்க்கவும் மாற்றவும் முடியும். விண்டோஸ், மாக், லினக்ஸ் மூன்றிலும் இலவசமாக இயங்கும். தரவு முழுவதும் நம் கணினியிலேயே இருப்பதால், இணைய இணைப்பு இல்லாத நேரத்திலும் மின்வெட்டு நேரத்திலும் மடிக்கணினியின் பற்றரி இருக்கும்வரை வேலை தடைப்படாது. பயிற்சிப் பதிவுகளைப் பகிரும் இணையச் சேவையை நடத்தும் ஸ்ட்ராவா நிறுவனம் தன்னிடமுள்ள தரவைப் பிற செயலிகள் கையாளும் விதிகளை 2024 நவம்பரில் இறுக்கிய பிறகு, மூலக் கோப்பு நம் கையில் இருப்பதன் பெறுமதி எனக்கு இன்னும் கூடுதலாகத் தெரிகிறது.

கோப்புகள் வந்து சேரும் வழி எளிது. டிரெய்னரோடு இணைந்து கணினித் திரையின் மெய்நிகர் வீதிகளில் ஓட்டச் செய்யும் ஸ்விஃப்ட் செயலி, ஒவ்வொரு ஓட்டத்தையும் ஃபிட் என்ற வகைக் கோப்பாக ஆவணக் கோப்புறைக்குள் தானே சேமிக்கிறது. அந்த இடத்தைக் கோல்டன் சீட்டாவின் தானியங்கி இறக்குமதிப் பட்டியலில் ஒருமுறை குறித்துவிட்டால், மென்பொருளைத் திறக்கும்போது புதிய கோப்புகள் உள்ளே வந்துவிடும். சைக்கிளின் கைப்பிடியில் இருந்து பெடலின் அளவைப் பதியும் கார்மின் எட்ஜ் கருவிக்கு இன்னொரு படி தேவை: யூஎஸ்பி வடத்தால் இணைத்து, அதிலுள்ள கோப்புகளைக் கணினியின் ஒரு கோப்புறைக்கு நகலெடுக்க வேண்டும். இதைச் சில வரிகளில் எழுதிய சிறு நிரல் ஒன்றிடம் ஒப்படைத்து, அந்தக் கோப்புறையையும் அதே பட்டியலில் சேர்த்துவிடலாம்.

ஒப்பீட்டுக்கென விளையாட்டு வீரர் கணக்கு ஒன்றைத் தனியாகத் திறப்பது மிக அவசியம் என்று கருதுகிறேன். ஒரே ஓட்டத்தின் இரண்டு பதிவுகளும் வழக்கமான கணக்கில் சேர்ந்தால் பயிற்சிச் சுமை இரட்டிப்பாகக் கணக்கிடப்பட்டு, மாதக் கணக்கில் சேர்த்த வரைபடம் பயனற்றுப் போகும். மேலும், மென்பொருள் ஒவ்வொரு பதிவுக்கும் அது தொடங்கிய விநாடியையே பெயராக வைப்பதால், இரண்டும் ஒரே பெயரில் மோதாதிருக்க இரண்டு கருவிகளையும் சில விநாடி இடைவெளி விட்டுத் தொடக்குவது நல்லது.

அந்த இடைவெளியைச் சரிசெய்வதே ஒப்பீட்டின் கடினமான பகுதி. ஒப்பீட்டுப் பலகத்தில் இரண்டு ஓட்டங்களையும் இழுத்துப் போட்டவுடன் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்துவிடுகின்றன. ஆனால் ஒவ்வொன்றும் தன் தொடக்கத்திலிருந்தே வரையப்படுவதால், ஐந்து விநாடி விலகல் இருந்தாலும் ஒவ்வொரு வேக மிதிப்பும் இரண்டு மலைகளாகத் தெரியும். இதற்கு நான் கண்ட நல்ல வழி நெஞ்சில் கட்டும் இதயத் துடிப்புப் பட்டி. ஆன்ட் பிளஸ் என்ற கம்பியில்லாத் தொடர்பு முறையில் ஒரே பட்டியின் சமிக்ஞையைப் பல கருவிகள் ஒரே நேரத்தில் பெற முடியும் என்பதால், ஒரே இதயத் துடிப்பு இரண்டு கோப்புகளிலும் பதிவாகிறது. அந்த இரண்டு துடிப்புக் கோடுகளும் எவ்வளவு நகர்த்தினால் பொருந்துகின்றன என்று கண்டுபிடித்தால், வாட் கோடுகளையும் அதே அளவு நகர்த்தலாம். கோல்டன் சீட்டாவுக்குள் பைதான் மொழியில் நம் சொந்த வரைபடத்தை எழுத முடியும் என்பதால், இந்தப் பொருத்தலையும் தானியங்கியாக்கிவிடலாம். நிரல் எழுதத் தெரியாதவர் பழகிய ஒருவரின் உதவியை நாட வேண்டியிருக்கும். இந்த மென்பொருளின் பெரிய குறை இதுவே.

கோடுகள் பொருந்திய பின் தெரியும் வித்தியாசம் எல்லாமே பிழையல்ல. பெடலில் அளக்கப்படும் ஆற்றலில் ஒரு பங்கு சங்கிலியிலும் பற்சக்கரங்களிலும் உராய்வாகக் கழிந்த பிறகே டிரெய்னரை அடைகிறது. அந்த இழப்பு நூற்றுக்கு இரண்டு மூன்று என்று வைத்துக்கொண்டால், பெடலில் 250 வாட் இருக்கும்போது டிரெய்னரில் ஏறத்தாழ 243 முதல் 245 வரை இருப்பது இயல்பு. தயாரிப்பாளர்கள் தரும் பிழை எல்லையும் பொதுவாக நூற்றுக்கு ஒன்று, இரண்டு என்பதால், நன்றாக வேலை செய்யும் இரண்டு கருவிகள்கூடப் பத்து வாட்டுக்கு மேலும் விலகலாம். ஆனால் டிரெய்னர் தொடர்ந்து பெடலைவிடக் கூடுதலாகக் காட்டினால் சுமையில்லாதபோது கருவி பூச்சியம் காட்டும்படி அமைக்கும் பூச்சியச் சரிசெய்தலைச் சந்தேகிக்க வேண்டும். நம் ஊரின் வெக்கையில் இது முக்கியமானது. பவர் மீட்டருக்குள் இருந்து, மிதிக்கும்போது ஏற்படும் நுண்ணிய வளைவை உணரும் அளவிகள் வெப்பநிலை மாற்றத்துக்கு உட்படுபவை. ஆகவே குளிரூட்டிய அறையிலிருந்து சைக்கிளை விறாந்தைக்கு எடுத்தவுடன் பூச்சியம் வைக்காமல், பத்து நிமிடம் மிதித்து உடலும் கருவியும் சூடான பின் வைப்பதே சரி.

எர்க் முறையில், அதாவது டிரெய்னரே எதிர்ப்பைக் கூட்டிக் குறைத்துக் குறித்த வாட்டில் நிறுத்தும் முறையில், செய்யும் பயிற்சியை ஒப்பீட்டுக்கு எடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. சில டிரெய்னர்கள் அந்த முறையில் மென்மைப்படுத்திய அளவையே அனுப்புவதால், வரைபடத்தில் நூல் பிடித்தாற்போல் வரும் நேர்கோட்டைத் துல்லியத்தின் அடையாளம் என்று தவறாக எண்ண இடமுண்டு. சராசரியை மட்டும் பார்ப்பதும் போதாது: மிதிக்காத விநாடிகளின் பூச்சியத்தைக் கணக்கில் சேர்ப்பதா விடுவதா என்ற தெரிவு கார்மின் கருவியில் இருக்கிறது, அது மாறினாலே சராசரி மாறிவிடும். 5 விநாடி, 1 நிமிடம், 5 நிமிடம், 20 நிமிடம் என்று உச்ச ஆற்றல் வளைவில் (ஒவ்வொரு கால அளவிலும் எட்டிய அதிகபட்சச் சராசரி வாட்டைக் காட்டும் வரைபடத்தில்) தனித்தனியாகப் பார்த்தால், விலகல் குறுகிய நேர வேக மிதிப்பில் மட்டும் வருகிறதா, எல்லா இடத்திலும் ஒரே விகிதத்தில் வருகிறதா என்பது புலப்படும்.

கோப்பு மாற்றத்தில் எந்தக் கவலையும் வேண்டாம் என்பவருக்கு இன்டர்வல்ஸ் ஐசியு என்ற இணையச் சேவை உண்டு. கார்மின் கணக்கோடு இணைத்தால் எல்லாம் தானே வந்துசேரும். அடிப்படைப் பயன்பாடு இலவசம், விரும்பியவர் பணம் கொடுத்து ஆதரிக்கலாம். ஒரே ஒரு பவர் மீட்டர் வைத்திருப்பவருக்கு நான் அதையே பரிந்துரைப்பேன். இரண்டு கருவிகளை வைத்துக்கொண்டு எதன் அளவை நம்புவது என்று தெரியாமல் இருப்பவர், ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கிக் கோல்டன் சீட்டாவை நிறுவிப் பழகலாம். அதன் முகப்பு நெரிசலானது, சொற்கள் கடினமானவை. ஒப்பீட்டுப் பலகத்தைக் கண்டுபிடிப்பதற்கே நேரம் பிடிக்கும் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்.